கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒரே ஸ்கோப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் தெலுக் இந்தான் பக்கம் துப்பாக்கி உரிமம் வைத்திருக்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். துப்பாக்கியின் மேல் மாட்டிக் குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைப் பற்றிக் கேட்கிறவர்கள் அதைவிட அதிகம். கிளப்பில் சுடப் பழகும் இளைஞர்கள், இராணுவத்தில் இருந்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியவர்கள், ஆஸ்திரேலியாவில் உறவினரோடு வேட்டைக்குப் போய் வந்தவர்கள் என்று பலர். சுற்றிச் சுற்றி அவர்கள் கேட்பது ஒரே விஷயம்தான்: பக்கத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒரே ஸ்கோப்பில் பார்த்துச் சுட எத்தனை மடங்கு வேண்டும்? அவ்வப்போது சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

3-9×40 என்று எழுதியிருக்கிறதே, அதை எப்படிப் படிப்பது?

முதல் இரண்டு எண்களும் உருப்பெருக்கம். வளையத்தைத் திருப்பி 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம். கடைசியில் வரும் 40, முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 4×32 என்று மட்டும் இருந்தால் அது மாறாத ஸ்கோப், எப்போதும் 4 மடங்குதான். 9 மடங்கில் பார்த்தால் 90 மீட்டரில் இருக்கும் பொருள் வெறுங்கண்ணுக்கு 10 மீட்டரில் இருப்பது போலத் தெரியும்.

வாங்கும்போது எந்த எண்ணை முதலில் பார்க்க வேண்டும்?

சின்ன எண்ணை.

கடையில் எல்லோருடைய கண்ணும் பெரிய எண்ணுக்குத்தான் போகும். 16, 24 என்று பார்த்ததும் கொடுத்த பணத்துக்கு ஏதோ கிடைத்த மாதிரி இருக்கும். ஆனால் கிட்டத்துக்கும் தூரத்துக்கும் ஒன்றே போதும் என்று நினைக்கிறவரின் காலை வாரிவிடுவது சின்ன எண்தான். பெரிய எண் போதவில்லை என்றால் கொஞ்சம் கிட்டே நடந்து போகலாம், இல்லை சுடாமலே விட்டுவிடலாம். சின்ன எண்ணே அதிகமாக இருந்துவிட்டால், பத்துப் பதினைந்து மீட்டரில் நிற்பதைக் கண்ணாடிக்குள் கொண்டுவரவே முடியாது. அதற்கு மாற்று வழி கிடையாது.

கணக்கைப் பாருங்கள். வழக்கமான 3-9×40 ஸ்கோப்பில், 3 மடங்கில் வைத்தால் 100 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 11 மீட்டர் அகலம் தெரியும். 9 மடங்கில் அது 4 மீட்டருக்கும் குறைவு. இதையே 15 மீட்டருக்குக் கொண்டு வந்தால் 3 மடங்கில் 1.7 மீட்டர், 9 மடங்கில் 60 சென்டிமீட்டர்கூட இல்லை. வளர்ந்த காட்டுப்பன்றியின் நீளம் அதைப் போல இரண்டு பங்கு. அப்போது தெரிவது கறுப்பு மயிர் மட்டும்தான். தலை எந்தப் பக்கம், பின்னால் யாராவது நிற்கிறார்களா, ஒன்றும் தெரியாது. சாவித் துவாரம் வழியாகத் தைப்பூசக் கூட்டத்தில் பிள்ளையைத் தேடுவது போலத்தான்.

நம் தோட்டங்களில் உண்மையில் எவ்வளவு தூரம் பார்வை போகும்?

இதை யோசிக்காமல்தான் பலர் ஸ்கோப் வாங்குகிறார்கள். அமெரிக்காக்காரர் மலைச்சரிவில் நின்று எடுத்த காணொளியைப் பார்த்துவிட்டு, அதே ஸ்கோப்பைத் தோட்டத்துக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்?

செம்பனையை (எண்ணெய்ப் பனை) முக்கோண முறையில், மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு நடுகிறார்கள். ஒரு ஹெக்டேருக்கு 136 முதல் 148 மரம் வரை வரும். கேட்க நிறைய இடம் இருப்பது போலத்தான் இருக்கும். நட்டு நாலைந்து வருடமான பிளாக்குக்குள் போய் நின்று பாருங்கள். மட்டைகள் நெஞ்சு உயரத்தில் வளைந்து ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடக்கும், இரண்டு வரிசைக்கு அப்பால் கண் போகாது. இருபது வருட மரமானால் மட்டையெல்லாம் தலைக்கு மேலே போய்விடும். கீழே நாற்பது ஐம்பது மீட்டர் தெரியும், ஆனால் வெட்டிய மட்டைகளை அடுக்கி வைத்த வரிசை குறுக்கே வந்து மறைக்கும். கித்தா (ரப்பர்) தோட்டம் இதைவிடத் திறந்த இடம்தான், ஆனால் எங்கும் நிழல்.

தூரம் வருவது வேறு இடத்தில். எங்கள் ஹிலிர் பேராக் மாவட்டம் பெரும்பாலும் தட்டையான நிலம். வாய்க்கால் ஓரத்து மண் சாலை கோடு கிழித்தது போல நேராகப் போகும். மறுநடவுக்காக மரங்களைத் தள்ளிய பிளாக்கில் முந்நூறு மீட்டருக்குத் தடையே இருக்காது. ஒரே காலையில், ஒரே நடையில், பத்து மீட்டரும் வரும், முந்நூறு மீட்டரும் வரும். நடுவில் உள்ள தூரங்கள்தான் குறைவு. அதனால்தான் இந்த ஊரில் இந்தக் கேள்வி இத்தனை முறை வருகிறது என்று நினைக்கிறேன்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முந்நூறு மீட்டர் தெரிகிறது என்பதற்காக அங்கே சுடலாம் என்று அர்த்தமில்லை. தட்டையான நிலத்தில், தவறிப் போகும் தோட்டாவைத் தாங்க மேடு கிடையாது. சின்ன .22 தோட்டாகூட ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிப் போகக்கூடியது. அந்த மண் சாலையின் மறுமுனையில் யாராவது மோட்டார் சைக்கிளில் வேலைக்கு வந்துகொண்டிருப்பார்.

அப்படியானால் எந்த அளவு வாங்கலாம்? நேராகச் சொல்லுங்கள்.

சரி, நேராகவே சொல்கிறேன். பெரும்பாலும் 50 மீட்டருக்குள், எப்போதாவது 200 வரை என்றால் 1-4 அல்லது 1-6. பாதிக்குப் பாதி என்றால் 2-7 அல்லது 3-9. மேசையில் வைத்து 100 மீட்டருக்கு அப்பால் இலக்கு அட்டையில் சுடுவதுதான் முக்கிய வேலை, கிட்டத்தில் எப்போதாவது என்றால் 4-16. இதற்கு மேலே போகிறவர்கள் கிட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

2-7×32 என்ற அளவை இப்போது யாரும் சீண்டுவதில்லை. எனக்கு அது பிடிக்கும். எடை குறைவு, துப்பாக்கியின் மேல் தாழ்வாக உட்காரும், 2 மடங்கில் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டே சுடலாம்.

"அண்ணே, என் கூட்டாளி 6-24×50 வாங்கிவிட்டான். வளையத்தைக் குறைத்து வைத்தால் கிட்டத்துக்கும் ஆகும் என்கிறான்."

குறைத்தாலும் 6-க்குக் கீழே போகாதே தம்பி. 6 மடங்கில் 15 மீட்டர் தூரத்தில் தெரியும் அகலம் ஒரு மீட்டர்கூட வராது. எடையும் பார்க்க வேண்டும். அந்த அளவு ஸ்கோப் முக்கால் கிலோவை ஒட்டி இருப்பது சாதாரணம். 50 மில்லிமீட்டர் கண்ணாடி குழல்மேல் இடிக்காமல் இருக்க, ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடிக்கும் வளையத்தை உயரமானதாகப் போட வேண்டும். வளையம் உயர்ந்தால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் பதியாது, தலையைத் தூக்கிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும். மேசைமேல் வைத்து நிதானமாகச் சுட அது நல்ல கருவிதான். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கிறவருக்குச் சுமை.

தூரத்துக்கு எத்தனை மடங்கு இருந்தால் போதும்?

எதைச் சுடுகிறோம் என்பதைப் பொறுத்தது. ஆள் உயர இலக்குப் பலகை, பெரிய இரும்புத் தட்டு மாதிரியானவற்றுக்கு 100 மீட்டருக்கு ஒரு மடங்கு என்பது பழைய கைக்கணக்கு. முந்நூறு மீட்டருக்கு 3 அல்லது 4 மடங்கு. அமெரிக்க மரைன் படை பல ஆண்டுகள் தன் வீரர்களுக்கு மாறாத 4 மடங்கு ஸ்கோப்பைத்தான் கொடுத்தது. சின்னத் தட்டு, சின்னப் பிராணி என்றால் அந்தக் கணக்கை இரண்டு மூன்று பங்காக்கிக்கொள்ளுங்கள்.

அட்டையில் குண்டு துளைத்த ஓட்டையைப் பார்க்க வேண்டும் என்றால் அது வேறு வேலை. 100 மீட்டரில் .22 துளை 6 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை எளிதாகப் பார்க்க 15 மடங்குக்கு மேல் தேவைப்படும். அந்த ஒரு காரணத்துக்காகப் பெரிய ஸ்கோப் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் மூன்று கால் தாங்கியில் ஒரு ஸ்பாட்டிங் ஸ்கோப் (துப்பாக்கியில் மாட்டாமல் தனியாக வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) வைத்துவிட்டால் அந்தத் தேவை தீர்ந்தது. கிளப்பில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

நெடுந்தூரப் போட்டிகளில் சுடுகிறவர்களைக் கவனித்தால் இன்னொன்று தெரியும். ஸ்கோப்பில் 25 மடங்கு வரை இருக்கும், வளையம் நிற்பதோ 12, 15 பக்கம். தோட்டா எங்கே விழுந்தது என்று பார்க்க அகலம் வேண்டும், அதிர்ச்சிக்குப் பிறகு இலக்கை மறுபடி பிடிக்கவும் அகலம் வேண்டும்.

மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடுகிறதே?

நடுக்கம் அப்படியேதான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிவதுதான் கூடுகிறது. ஆனால் அதைப் பார்த்ததும் மனம் அவசரப்படும், குறி சரியாக வரும் அந்த நொடியில் விசையை வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். நின்றுகொண்டு சுடும்போது 4 மடங்குக்கு மேல் போகாதீர்கள். படுத்துக்கொண்டு, மணல் மூட்டையில் தாங்கி வைத்து என்றால் உங்கள் இஷ்டம்.

1-6, 1-8 என்று வருகிற எல்பிவிஓ ஸ்கோப்புகள் எப்படி?

எல்பிவிஓ என்றால் 1 மடங்கு மாதிரிக் குறைந்த மடங்கில் தொடங்கி மாற்றிக்கொள்ளும் ஸ்கோப். கிட்டத்துக்கும் தூரத்துக்கும் என்றே செய்தவை இவை. 1 மடங்கில் வைத்தால் வெறும் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல இருக்க வேண்டும். 100 மீட்டரில் 35 மீட்டர் அகலம் வரை தெரியும். உள்ளே ஒளிரும் புள்ளியை ஏற்றி இரண்டு கண்ணையும் திறந்து வைத்துச் சுடலாம். வளையத்தைத் திருப்பினால் 6 அல்லது 8 மடங்கு. அமெரிக்க மரைன் படை 2020-இல் தன் 4 மடங்கு ஸ்கோப்புக்கு அடுத்ததாகத் தேர்ந்தெடுத்தது 1-8×28 அளவு கொண்ட, ட்ரைஜிகான் நிறுவனத்தின் ஸ்கோப்பை.

மலிவு எல்பிவிஓவில் மூன்று இடங்களில் ஏமாறுவோம். முதலாவது, 1 என்று எழுதியிருக்கும், ஆனால் உண்மையில் 1.1, 1.2 இருக்கும். இரண்டு கண்ணைத் திறந்தால் இரண்டு உலகம் தெரிந்து தலை சுற்றும். இரண்டாவது, ஒளிரும் புள்ளி நம் ஊர் நண்பகல் வெயிலில் காணாமல் போகும். மூன்றாவது, மேல் மடங்கில் கண்ணை ஒரு விரல்கடை நகர்த்தினால்கூட ஓரத்தில் கறுப்பு வந்து மூடும். இந்த மூன்றையும் கடையிலேயே பார்த்துவிடலாம். பார்க்காமல் வாங்காதீர்கள்.

1-8, 1-10 என்று விகிதம் கூடக் கூட, குறைந்த விலையில் கண்ணாடியின் தரம் அடிவாங்கும். பணம் அளவாக இருந்தால் நல்ல 1-4, மட்டமான 1-8-ஐவிட மேல்.

ரேஞ்சர் படையில் இருந்த மாமா, "எங்கள் ஸ்டையர் துப்பாக்கியில் ஸ்கோப் ஒன்றரை மடங்குதான், அதிலேயே எல்லாம் பார்த்தோம்" என்கிறார். உண்மையா?

உண்மைதான். ஆஸ்திரியாவில் உருவான ஸ்டையர் ஏயூஜி, 1990-களில் மலேசிய இராணுவத்தின் கையில் இருந்த துப்பாக்கி. அதன் கைப்பிடியோடு சேர்ந்தே ஸ்வரோவ்ஸ்கி செய்த 1.5 மடங்கு ஸ்கோப் இருந்தது. உள்ளே ஒரு கறுப்பு வட்டம். 1.8 மீட்டர் உயர ஆள் அந்த வட்டத்துக்குள் சரியாக அடங்கினால் தூரம் 300 மீட்டர். ஒரே வட்டம்தான் குறியும், தூரம் அளக்கும் கோலும். கிட்டத்தில் வட்டத்துக்குள் பிடித்துச் சுட்டால் போதும்.

இப்போதைய ஸ்கோப்புகளைப் பார்த்தவர்களுக்கு ஒன்றரை மடங்கு சிரிப்பாக இருக்கலாம். காட்டுக்குள் நடக்கும் படைக்கு எதை முன்வைத்து அளவு எடுத்திருக்கிறார்கள் என்று யோசித்தால், மாமா சொல்வதில் விஷயம் இருக்கிறது. நானாக இருந்தால் அவரிடம் இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுப்பேன்.

விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் எத்தனை மடங்கு?

குறைத்து வையுங்கள். முன்கண்ணாடி விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 40-ஐ 9-ஆல் வகுத்தால் 4.4 மில்லிமீட்டர். 40-ஐ 5-ஆல் வகுத்தால் 8. இருட்டில் இளவயதுக்காரர் கண்மணி 7 மில்லிமீட்டர் வரை விரியும், வயதானவருக்கு 5 பக்கம்தான். கண்மணியைவிட ஒளிக்கற்றை மெலிந்தால் படம் மங்கும். 24 மில்லிமீட்டர் எல்பிவிஓவை 6 மடங்கில் வைத்தால் 4 மில்லிமீட்டர், 8 மடங்கில் 3. அந்தி நேரத்துக்கு அது போதாது, 4-க்கு இறக்கிக்கொள்ள வேண்டும்.

நாம் பூமத்திய ரேகைக்கு 4 டிகிரி வடக்கே இருக்கிறோம். சூரியன் இறங்கி இருபது நிமிடத்துக்குச் சற்று அதிகமாகத்தான் வெளிச்சம் நிற்கும். ஐரோப்பாக்காரர்கள் 56 மில்லிமீட்டர் கண்ணாடி தூக்கிக்கொண்டு போவது அவர்களுடைய நீண்ட அந்தி வெளிச்சத்துக்காக. நமக்கு 40 போதும். அப்புறம், 30 மில்லிமீட்டர் குழாய் என்றால் வெளிச்சம் கூட வரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். தடித்த குழாயால் கிடைப்பது குறியைத் திருப்பிச் சரிசெய்ய உள்ளே கூடுதல் இடம்.

ரெட்டிகல் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடு) முதல் தளம், இரண்டாம் தளம் என்கிறார்களே?

முதல் தளத்தில் இருந்தால் மடங்கைக் கூட்டும்போது கோடுகளும் சேர்ந்து பெரிதாகும். கோட்டில் உள்ள அளவுகள் எந்த மடங்கிலும் சரியாக இருக்கும். ஆனால் 1 மடங்கில் அந்தக் கோடுகள் சிலந்தி நூல் மாதிரி மெலிந்து, நிழலில் மறைந்தே போகும். இரண்டாம் தளத்தில் கோடு ஒரே அளவில் நிற்கும், கிட்டத்தில் தெளிவு. ஆனால் தோட்டாவின் இறக்கத்துக்கான அளவுகள் ஒரே ஒரு மடங்கில் மட்டுமே பொருந்தும், பெரும்பாலும் உச்ச மடங்கில்.

200 மீட்டருக்குள் சுடுகிறவருக்கு இரண்டாம் தளம் நல்லது, மலிவும்கூட. கோட்டை வைத்துத் தூரத்துக்கு ஏற்ப ஏற்றிப் பிடித்துச் சுடப் பழகியவருக்கு முதல் தளம்.

10 மீட்டரில் 9 மடங்கில் பார்த்தால் எல்லாம் மங்கலாக இருக்கிறது. ஸ்கோப் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. பெரிய தோட்டாத் துப்பாக்கிக்கான சாதாரண ஸ்கோப்பை 100 கெஜத் தூரத்துக்குச் சரிசெய்துதான் அனுப்புகிறார்கள். .22-க்கு என்று வருபவை பெரும்பாலும் 50 கெஜத்துக்கு. அதற்கு ரொம்பக் கிட்டே, மேல் மடங்கில் பார்த்தால் மங்கும். கண் கொஞ்சம் நகர்ந்தால் குறியும் இலக்கின்மேல் நகரும், அதைத்தான் பாரலாக்ஸ் என்கிறார்கள். மடங்கைக் குறைத்தால் இரண்டும் அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரியாது. கிட்டத்திலும் மேல் மடங்கு வேண்டும் என்கிறவர்கள் பக்கவாட்டிலோ முன்பக்கத்திலோ திருகி உள்ள ஸ்கோப்பாக, 10 மீட்டர் வரை இறங்குவதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

அதற்கு முன்னால் கண்பக்க வளையத்தைச் சரிசெய்தீர்களா? வெளிறிய வானத்தைப் பார்த்து, கோடு கூர்மையாகத் தெரியும்வரை திருப்ப வேண்டும். வெறித்துப் பார்த்தால் கண் தானாகச் சரிசெய்துகொள்ளும், அதனால் ஓரிரு நொடி பார்த்துக் கண்ணை எடுத்துவிட்டுத் திருப்புங்கள். கிளப்பில் "கண்ணாடி சரியில்லை" என்று கொண்டுவரும் ஸ்கோப்புகளில் பலவும் இதிலேயே சரியாகிவிடுகின்றன.

தூரத்தில் சரியாகப் படுகிறது, ரொம்பக் கிட்டத்தில் கீழே படுகிறதே?

ஸ்கோப் குழலுக்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. தோட்டா அந்த அளவு கீழேயிருந்து புறப்பட்டு, பிறகுதான் பார்வைக் கோட்டைத் தொடுகிறது. மூன்று மீட்டரில் ஏறக்குறைய அந்த உயரம் முழுவதும் கீழே படும். 100 மீட்டருக்குச் சரிசெய்த வேகமான தோட்டா 10 மீட்டரிலும் 3, 4 சென்டிமீட்டர் கீழே போகும். எத்தனை மடங்கு ஸ்கோப் போட்டாலும் இது மாறாது. 10, 25, 50, 100 மீட்டரில் சுட்டுப் பார்த்து ஒரு தாளில் குறித்துத் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டி வையுங்கள்.

குறியைச் சரிசெய்யும் திருகியின் ஒரு கிளிக் எவ்வளவு என்றும் கேட்கிறார்கள். அதை எம்ஓஏ, மில் என்ற கோண அளவுகளில் சொல்வார்கள். கால் எம்ஓஏ என்றால் 100 மீட்டரில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். 0.1 மில் என்றால் சரியாக 1 சென்டிமீட்டர். மீட்டரில் யோசிக்கிற நமக்கு மில் எளிது.

மடங்கை மாற்றினால் குறியே நகர்கிறது என்கிறார்களே?

மலிவு ஸ்கோப்பில் நடக்கும். கீழ் மடங்கில் ஐந்து, மேல் மடங்கில் ஐந்து, ஒரே அட்டையில் சுட்டுப் பாருங்கள். இரண்டு கூட்டமும் தனித்தனியாக விழுந்தால் அந்த ஸ்கோப்பை ஒரே மடங்கில் வைத்துக்கொண்டு மாறாத ஸ்கோப்பாகப் பயன்படுத்த வேண்டியதுதான்.

பெர்த்தில் இருக்கும் மைத்துனர் 5-25 வைத்திருக்கிறார். அதே மாதிரி நானும் வாங்கலாமா?

அவர் சுடுவது திறந்த மேய்ச்சல் நிலத்தில். முயல், நரி, இருநூறு முந்நூறு மீட்டர், பெரும்பாலும் வண்டியின் மேலோ பையின் மேலோ தாங்கி வைத்து. அங்கே அது சரி. அவரே அதைக் கொண்டு வந்து செம்பனைக்குள் நின்றால் திருதிருவென்று விழிப்பார். உறவினர் பயன்படுத்துகிறார் என்பதற்காக வாங்குவது வழக்கமாகிவிட்டது. அவருடைய நிலம் உங்களிடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ரெட் டாட்டும், அதற்குப் பின்னால் மடக்கி வைக்கும் 3 மடங்குக் கண்ணாடியும் சேர்த்து வாங்கினால்?

ரெட் டாட் என்பது உருப்பெருக்கம் இல்லாமல் ஒளிரும் சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் குறிக்கருவி. கிட்டத்தில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கண் எங்கே இருந்தாலும் புள்ளி தெரியும். தூரத்தில் புள்ளியும் சேர்ந்து பெரிதாகி இலக்கை மறைக்கும், அளவுக் கோடுகளும் இல்லை. பார்வைக் கோளாறு உள்ளவர்களுக்குப் புள்ளி நட்சத்திரம் மாதிரி சிதறித் தெரியும். 100 மீட்டருக்குள் நின்றுவிடுகிறவருக்கு நல்லது, அதற்கு மேல் 1-6.

ஒலிம்பிக் மாதிரி சுடப் பழக ஸ்கோப் வேண்டுமா?

வேண்டாம், அனுமதியும் இல்லை. 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி, 50 மீட்டர் ரைஃபிள் இரண்டிலும் துளை வழியாகப் பார்க்கும் குறிதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்ட நம் நாட்டு நூர் சுரியானி முகமது தாயிபியும் அப்படித்தான் சுட்டார்.

தோட்டத்தில் உரிமத்தோடு இருப்பது ஷாட்கன். அதற்கு ஸ்கோப் போடலாமா?

நம் ஊரில் உரிமம் பெற்றவர்கள் கையில் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. சிதறும் ரவையின் எல்லை முப்பது நாற்பது மீட்டர். அதற்கு உருப்பெருக்கமே தேவையில்லை, முன்னால் இருக்கும் மணியே போதும். ஒற்றைக் குண்டு போட்டுச் சுடுவதாக இருந்தால் ரெட் டாட் அல்லது 1-4. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே 9, 10 சென்டிமீட்டர் இடைவெளி கட்டாயம். 12 போர் ஷாட்கன் உதைக்கும்போது புருவத்தில் பிறை வடிவத் தழும்பு வாங்கினவர்கள் உண்டு.

காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்கிறார்களே?

வேண்டும். 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கணக்கிடுகிறது. உரிமமில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் அந்தச் சட்டத்தின்கீழ் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். சுடும் ஆயுதத்தைச் சட்டவிரோதமாக வைத்திருந்ததாக 1971-ஆம் ஆண்டுக் கூடுதல் தண்டனைச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். இணையத்தில் வாங்கித் தபாலில் வந்துவிடும், குருவி சுடத்தானே என்று நினைக்கும் பையன்களுக்கு வீட்டில் பெரியவர்கள் சொல்லி வைக்க வேண்டும்.

ஸ்கோப்பை மட்டும் வெளிநாட்டிலிருந்து தருவிப்பதாக இருந்தாலும், ஆர்டர் போடுவதற்கு முன் மாவட்டக் காவல்துறை தலைமையகத்தின் உரிமப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். காட்டுப்பன்றி விஷயத்தில் காவல்துறை உரிமம் மட்டும் போதாது. 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ‘பெர்ஹிலித்தான்’ எனப்படும் வனவிலங்குத் துறையின் அனுமதி தனியாக வேண்டும்.

உரிமமுள்ள ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கிக்குச் சாதாரண ரைஃபிள் ஸ்கோப் ஆகுமா?

ஆகாது. ஸ்பிரிங் துப்பாக்கி பின்னாலும் உதைக்கும், உடனே முன்னாலும் உதைக்கும். பெரிய தோட்டாவைத் தாங்கும் ஸ்கோப்கூட இந்த முன்னுதையில் உள்ளே கழன்றுபோகும். காற்றுத் துப்பாக்கிக்கு என்று சொல்லி விற்பதையே வாங்குங்கள். 3-9 போதும். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையம் வாங்கும்போது, உங்கள் துப்பாக்கியின் மேல் உள்ளது 11 மில்லிமீட்டர் தடமா, அகலமான பிக்காட்டினி தடமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பகல் பதினொரு மணிக்கு மேல் இலக்கு நெளிகிறதே?

கானல். மழை பெய்த மண்மேல் வெயில் ஏறினால் நம் பக்கம் இன்னும் மோசம். 20 மடங்கில் அட்டை தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடும், 8 மடங்கில் அதே அட்டை ஓரளவு நிற்கும். காசு கொடுத்து வாங்கிய மேல் மடங்குகளை இந்த ஊர் வெயில் பாதி நாள் பயன்படுத்த விடாது. காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் சுட்டு முடிப்பவர்கள் புத்திசாலிகள். பழகினவர்கள் கானல் சாயும் பக்கத்தைப் பார்த்துக் காற்றின் திசையையும் கண்டுகொள்வார்கள்.

ஸ்கோப் வழியாகச் சுற்றுமுற்றும் பார்க்கலாமா? பைனாகுலர் செலவு மிச்சம்.

கூடவே கூடாது. நீங்கள் பார்க்கும் இடத்துக்கெல்லாம் குழலும் திரும்பும். புல் வெட்டுகிற அக்கா மேலும் திரும்பும். 8×42 பைனாகுலர் ஒன்று வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதை வாங்கிவிட்டால் ஸ்கோப்பில் பெரிய மடங்கு வேண்டும் என்ற ஆசையும் பாதி குறைந்துவிடும். தூரத்தில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் பலர் 16 மடங்கு கேட்கிறார்கள்.

காரிலிருந்து இறங்கியதும் கண்ணாடி மூடுபனி பிடிக்கிறது. உள்ளே பூஞ்சையும் வந்துவிட்டது.

இரண்டும் வேறு வேறு. ஏர்கோனில் குளிர்ந்த கண்ணாடிமேல் ஈரக்காற்று பட்டதும் வெளியே நீர் படிகிறது. உள்ளே நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்பானாலும் வெளியே படிவதைத் தடுக்காது. உறையோடு காரின் பின்பக்கச் சாமான் பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். சேர்ந்ததும் வெளியே எடுத்து இருபது நிமிடம் விடுங்கள். சட்டை நுனியால் துடைத்தால் கண்ணாடியின் பூச்சு கீறிவிடும்.

பூஞ்சை ஈரத்தால் வருவது. கேமரா வைக்கும் டிரை பாக்ஸில் ஈரப்பதத்தை 40-50 விழுக்காட்டில் வைத்தால் பிடிக்காது. டிரை பாக்ஸ் இல்லையென்றால் இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறியதும் மாற்றுங்கள். தோல் உறைக்குள் மூடி அலமாரியில் வைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். உள்கண்ணாடியில் ஏற்கெனவே நூல் நூலாகப் படர்ந்திருந்தால் நீங்களே திறக்காதீர்கள். திறந்தால் உள்ளே இருக்கும் வாயு போய்விடும், அப்புறம் ஒவ்வொரு மழைக்கும் உள்ளேயே பனி பிடிக்கும்.